பத்து முதல் நாலு வரை

பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போகிறவர்கள் ரயிலில் இடது பக்கம் உட்கார வேண்டும். சாயங்காலம் திரும்பும்போதும் இடது பக்கம்தான். அதே பொன்னேரியிலிருந்து சென்னைக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவதானால் போகும்போதும் வலது, வரும்போதும் வலது. பதினோரு வருடம் அந்த ரயிலில் போய் வந்த எனக்கு இது தெரியாது. சூரியன் கிழக்கே உதித்து மேற்கே மறைகிறது என்று மூன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதை வைத்துக்கொண்டு ரயிலில் எந்தப் பக்கம் உட்காருவது என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. சொன்னது ஒரு குடைக்கார அக்கா.

ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை. புடவைக்கு மேலே புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை. செருப்புக்குள் சாக்ஸ். முகத்திலும் கழுத்திலும் காதிலும் வெள்ளை க்ரீம். கறுத்த முகத்தில் அது சரியாகத் தேயாமல் திட்டுத் திட்டாக நிற்கும். இந்தக் கோலத்தில் ஒரு பொம்பளை காலை ரயிலில் ஏறினால் பெட்டியில் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? நானும் சிரித்தேன். "எங்கயோ சுண்ணாம்பு அடிக்கற வேல போல" என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னேன். அவன் சிரித்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த மாதம் சென்னையில், கிட்னி மாற்றியவர்கள் வருகிற கிளினிக்கில், அதே சுண்ணாம்பு எனக்கு முன்னால் டோக்கன் வாங்கிக்கொண்டு நின்றது.

எனக்கு என் சொந்த அக்கா கொடுத்த கிட்னி. அவள் அதைத் தீபாவளி, பொங்கல் தவறாமல் ஞாபகப்படுத்துவாள். குடைக்கார அக்காவுக்குக் கொடுத்தது யார் என்றே தெரியாது. விபத்தில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்த யாரோ. "யாரு பெத்த புள்ளயோ" என்று புதுக் கிட்னி வைத்த அடிவயிற்றைத் தொட்டுச் சொல்வாள். மற்றதை எல்லாம் சத்தமாகப் பேசுகிறவள் இதை மட்டும் மெதுவாகத்தான் சொல்வாள்.

அவளுக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மருந்து பாட்டில் மூடிகளைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. எனக்கு அங்கேயே ஒரு கம்பி உருட்டும் ஆலையில் ஃபிட்டர் வேலை. ஆகவே மாதத்தில் ஒருநாள் கிளினிக்கில் மட்டுமல்ல, வாரத்தில் ஆறு நாள் ரயிலிலும் அவளிடம் மாட்டிக்கொண்டேன். நான் வலது பக்க ஜன்னலை விடமாட்டேன், கிழக்கிலிருந்து காற்று வரும் என்று. அவள் இடது பக்கத்திலிருந்து கத்துவாள்.

"நைனா, இந்தாண்ட வா. காத்து வாங்கறேன்னு வெயில வாங்கினு கீறியே."

"காலைல ஏழு மணி வெயில் உடம்புக்கு நல்லதுக்கா."

"கிட்னி மாத்தாதவனுக்கு நல்லது. உனுக்கு எதுக்கு? காதுக்கு க்ரீம் பூசினியா?"

"மூஞ்சிக்கே பூசல. காதுக்கு வேறயா?"

"அத்தான் எல்லாரும் செய்யற தப்பு. மூஞ்சிக்குப் பூசிக்கினு காத உட்டுடறாங்க. நீ மூஞ்சியவும் உட்டுட்ட."

காது எங்கே போய்விடப் போகிறது என்று நான் இருந்தேன்.

வெயிலுக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம் என்று பெட்டியில் யாராவது கேட்டுவிட்டால் போதும், அடுத்த ஸ்டேஷன் வரை பாடம் நடக்கும். டாக்டரம்மா அரைமணி நேரம் சொன்னதை அக்கா தொழிற்பேட்டை பாஷையில் இரண்டு நிமிஷத்தில் சொல்வாள். "நம்ம ஒடம்புக்கு ஒரு வாட்ச்மேன் கீறான். வெளியாள் எவன் வந்தாலும் அடிச்சுத் தொரத்துவான். புதுக் கிட்னியும் வெளியாளுதான? அத்த அடிச்சிடுவான்னு அவனுக்குத் தெனம் மாத்திர குடுத்துத் தூங்க வச்சிக்கீறோம். இப்போ கிட்னி பத்திரம். ஆனா தோலாண்ட நெஜமாவே திருடன் வந்தாலும் அவன் தூங்கினுதான் கீறான். வெயிலுதான் கதவத் தொறந்து உடறது. புத்துநோவு உள்ள பூந்துடும். அதான் கதவ நாமளே சாத்திக்கணும்." ராத்திரி ஷிஃப்டு வாட்ச்மேன்களைப் பார்த்தே வளர்ந்த ஊர். இதைவிட யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆனாலும் கேலி குறையவில்லை. "இந்தக் கலருக்கு இந்த க்ரீமெல்லாம் எதுக்குமே? கறுப்புத் தோலுக்கு வெயிலு இன்னா பண்ணும்?" என்று ஒரு மீன்காரம்மா கேட்டாள். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க ஊட்டு மாடி மேல தண்ணி டாங்கு இன்னா கலரு?" என்றாள். கறுப்பு என்றாள் அந்தம்மா. "எத்தினி தபா வெயில்ல வெடிச்சிக்கீது?" இரண்டு தடவை என்று சொல்லிவிட்டு மீன்காரம்மா கூடையைப் பார்த்துக்கொண்டாள். "வெள்ளத் தோலுக்கு சீக்கிரம் வரும், நமக்கு லேட்டா வரும். லேட்டா வந்தா நல்லதா? நம்ம டிரெயினு லேட்டா வந்தா நீ சந்தோசமா படற?"

கிளினிக்கில் ஒரு சுவரொட்டி இருந்தது. கடற்கரையில் ஒரு வெள்ளைக்கார அம்மா கொஞ்சம் துணியோடு படுத்திருப்பாள். மேலே பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. கீழே யாரோ மொழிபெயர்த்து எழுதியிருந்தார்கள்: "சூரியக் குளியலைத் தவிர்க்கவும்." பொன்னேரிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி வருவார், மனைவி கிட்னி கொடுத்திருந்தாள். அவர் இந்தச் சுவரொட்டியை எழுத்துக் கூட்டிப் படித்து, அப்படியே கடைப்பிடித்தார். மோட்டார் கொட்டகைத் தொட்டியில் வெயிலில் குளிப்பதை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் குளித்தார். குளித்துவிட்டு நாள் முழுக்க வெற்று முதுகோடு வயலில் நின்றார்.

இதைக் கேட்டதும் அக்காவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! பெரியவர் மேல் இல்லை, படத்தில் இருந்த அம்மா மேல். "இந்தம்மா யாரு? நம்மள்ல எவன் பீச்சாண்ட போய்ப் படுத்துக்கினு கீறான்? ரேஷன் கட வரிசையப் போடு. பஸ் ஸ்டாப்பப் போடு. மாடில வடகம் காயவைக்கறதப் போடு. அப்பத்தான நம்மளுதுன்னு தெரியும்?" டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றார். மேலிடம் என்ன செய்யும் என்று அக்காவுக்குத் தெரியும். அன்றிலிருந்து கிளினிக் பெஞ்சில் அவளே வகுப்பு எடுக்கத் தொடங்கினாள். பத்து மணியிலிருந்து நாலு மணி வரை வெளியே தலை காட்டக் கூடாது. வேறு வழியே இல்லை என்றால் குடை, முழுக்கை, க்ரீம். க்ரீம் இரண்டு விரல் நீளத்துக்கு. பொட்டு வைப்பது மாதிரி இல்லை. மாதம் ஒருநாள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பார்க்கணும். முதுகை வீட்டுக்காரர் பார்க்கணும். "பொண்டாட்டி முதுவ பாக்க எவனாவது பேஜாரு பண்ணுவானா?" என்று அவள் கேட்டால் பெஞ்சே சிரிக்கும். பெரியவர் மறுமாதம் முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டுமாக வந்து நின்றார்.

அவள் புருஷன் பொன்னேரியில் ஷேர் ஆட்டோ ஓட்டினார். ஸ்டேஷன் வாசலில் வேப்பமர நிழலில்தான் வண்டி நிற்கவேண்டும். நாலடி தள்ளி நின்றால் அக்கா ஏறமாட்டாள். "மகாராணி வந்துட்டாங்கோ, நெழலப் போட்டுக் குடுங்கோ" என்று அவர் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படி கத்துவார். கத்திவிட்டு நகர்த்தவும் செய்வார்.

அவருக்கும் அக்காவுக்கும் ஒருமுறை பெரிய சண்டை, அம்மன் விஷயமாக. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் பெண்டாட்டி ஆடி மாதம் பால்குடம் எடுப்பாள் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தார். எடுக்கப்போவது அவரல்ல என்பதால் தாராளமாக வேண்டியிருந்தார். எங்கள் பக்கத்தில் பால்குடம் பதினொரு மணிக்குக் கிளம்பும். மேளம், சாமியாட்டம் எல்லாம் முடிந்து கோயிலுக்குப் போய்ச் சேர ஒன்றரை ஆகும். வெறுங்கால், தார் ரோடு. அக்கா முடியாது என்றாள்.

"சாமிக்கு நேந்துக்கினத செய்யலன்னா குடும்பம் வெளங்காதுடி."

"செய்யமாட்டேன்னு சொன்னனா? காலைல அஞ்சரைக்கு எடுத்துக்கினு போறேன்."

"அஞ்சரைக்கு அம்மனே எழுந்திருக்காது."

"நான் போய் எழுப்பறேன். அம்மனுக்கு மட்டும் வெயிலு புடிக்குமா? அதுவும் உள்ள நெழலுலதான உக்காந்துக்கினு கீது!"

பூசாரி, சாமி ஏற்றுக்கொண்டதாக அறிவித்துவிட்டார். அடுத்த வருடம் பால்குடம் எடுத்த பெண்களில் ஏழு பேர் அஞ்சரை மணி வரிசைக்கு மாறினார்கள். அவர்கள் யாரும் கிட்னி மாற்றியவர்கள் அல்ல. கால் சுடுகிறது என்று இத்தனை வருடம் சொல்ல வெட்கப்பட்டவர்கள்.

இனி அந்த முகாமைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு சேவைச் சங்கம், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களுக்கான வெயில் பாதுகாப்பு விழிப்புணர்வு முகாம் நடத்தியது. இடம், தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் திறந்த மைதானம். காலம், கத்திரி வெயில். நேரம், காலை பத்தரை. சிறப்பு விருந்தினர் வந்தது பன்னிரண்டுக்கு. பந்தல் இருந்தது, மேடைக்கு மட்டும். எதிரே நாங்கள் பதினாறு பேர், ஆளுக்கொரு அட்டை பிடித்துக்கொண்டு. என் அட்டையில் "வெயிலைத் தவிர்ப்போம்" என்று எழுதியிருந்தது. அதை நான் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டேன்.

அக்கா சுற்றும் முற்றும் பார்த்தாள். ஓரமாகக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று நின்றது. பதினாறு பேரையும் ஓட்டிக்கொண்டு போய் அதன் நிழலில் வரிசையாக நிறுத்தினாள். பொழுது ஏற ஏற நிழல் லாரிப் பக்கம் ஒடுங்கியது, நாங்களும் ஒடுங்கினோம். விருந்தினர் இன்னும் பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் லாரிக்கு அடியில் படுத்திருப்போம். அவர் வந்து, நாங்கள் எல்லோரும் சூரியனைப் போலப் பிரகாசிக்க வேண்டும் என்று வாழ்த்தினார்.

பிறகு பொன்னாடை. ஆளுக்கொன்று. அக்கா தனக்குப் போட்டதை அப்படியே தலைக்கு இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு, "எல்லாரும் இப்டிப் போட்டுக்கோங்க" என்றாள். பொன்னாடை என்கிற பொருள் ஒரு மனுஷனுக்கு உபயோகப்பட்டதை நான் பார்த்தது அன்றுதான். ஃபோட்டோக்காரர் பதறினார்.

"மேடம், குடைய மடக்குங்க, முக்காட எடுங்க. வெயிலப் பாத்துத் திரும்புங்க. மூஞ்சி இருட்டா கீது."

"இருட்டாவே இருக்கட்டும் நைனா. மூஞ்சிதான் வேணும்னா எங்க ஊட்டாண்ட வா, டியூப் லைட்டு போட்டுக் காட்டறேன்."

கடைசியில் முகாமுக்கு உதவி செய்த முகப்பூச்சுக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் ஆளுக்கொரு குட்டிப் பாக்கெட் கொடுத்தாள். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல வெயிலத் தடுக்கற நம்பரு எங்க கீது?" அந்தப் பெண் சிரித்து, "இது ஃபேர்னஸ் க்ரீம் ஆன்ட்டி, ஏழு நாள்ல கலர் வந்துடும்" என்றாள். "கலரு வந்து நான் இன்னாம்மா பண்றது? நான் உயிரோட இருக்கறதுக்கு வந்துக்கீறேன்" என்றாள் அக்கா. மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. பதினாறு முக்காடு, ஒரு குடை, நடுவில் சிறப்பு விருந்தினரின் பளிச்சென்ற முகம். அவர் மட்டும்தான் வெயிலைப் பார்த்து நின்றார்.

அன்றைக்கெல்லாம் என் வலது காதின் மேல் மடிப்பில் ஒரு சொரசொரப்பு இருந்தது. அரிசி அளவு. பொருக்குத் தட்டும், உதிரும், ரத்தம் கசியும், மறுபடி பொருக்குத் தட்டும். வீட்டில் கேட்டால் ஆலையில் தீப்பொறி பட்டது என்பேன். ஆலையில் கேட்டால் வீட்டில் கதவில் இடித்துக்கொண்டேன் என்பேன். அது என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இத்தனை வகுப்பைக் காதில் வாங்கியவனுக்கு அந்தக் காதிலேயே வந்தால் தெரியாதா? தெரிந்தது. பயந்துபோனேன். டாக்டர் வாயால் சொல்லாதவரை அது இல்லை என்று நம்புகிற ரகம் நான். சொந்த அக்கா கொடுத்த கிட்னியை நாலு வருடம் காப்பாற்றிவிட்டு, காதைக் காட்டி உயிரை விடவேண்டுமா என்று யோசித்தேன். காட்டாமல் இருந்தால் விடவேண்டியிருக்காது என்று எப்படித் தோன்றியது என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

கிளினிக் நாளில் அவளுக்கு வலது புறமாகவே உட்காருவேன், வலது காது மறைவாக இருக்க. ஒரு புதன்கிழமை ரயிலில் அந்தப் பக்கம் இடமில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். பேச்சை நிறுத்தினாள். அவள் பேச்சை நிறுத்தியதே எனக்குப் போதுமாக இருந்தது.

"காதுல இன்னா நைனா?"

"ஒண்ணுமில்லக்கா. ஸ்பார்க் பட்டுடுச்சி."

"போன மாசமும் பிளாஸ்திரி போட்டுனு இருந்த."

"அதுவும் ஸ்பார்க்குதான்."

"ரெண்டு மாசமா ஒரே எடத்துல வந்து படுதா? அந்த ஸ்பார்க்குக்கு உன் காது அட்ரஸு தெரியுமா?"

பெட்டியே திரும்பிப் பார்த்தது. கிளினிக்கில் ரத்தம் கொடுத்துவிட்டு நைசாக நழுவப் பார்த்தேன். பின்னாலிருந்து குடையின் வளைந்த கைப்பிடி என் சட்டைக் காலரில் வந்து மாட்டியது. அப்படியே டாக்டரம்மா அறைக்குள் இழுத்துக்கொண்டு போய், "இவரு காதப் பாருங்கம்மா, பொய் சொல்றாரு" என்று விட்டாள். பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் அப்படிக் கொண்டுபோய் நிறுத்தியதில்லை.

சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். அதுதான். ஆனால் தோலோடு மேலாகத்தான் இருந்தது. காதின் விளிம்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்ததோடு முடிந்தது. இன்னும் விட்டிருந்தால் கழுத்துக்கு இறங்கியிருக்கும் என்றார் டாக்டரம்மா. பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேலைக்குப் போகும்போதும் வலது பக்க ஜன்னல், வரும்போதும் வலது பக்க ஜன்னல். காலையிலும் மாலையிலும் வெயில் அதே காதில்தான் அடித்திருக்கிறது. அக்கா பார்க்க வந்தாள், பிஸ்கட் பாக்கெட்டோடு. "காது கொஞ்சம் போனா இன்னா? உனுக்கு ரெண்டு காது இருந்தப்பவே நீ கேக்கலியே" என்றாள். நான் அழுதுவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் பார்க்கிறார் என்று தெரிந்தும் அழுதேன்.

அதன்பின் அந்தப் பெஞ்சில் வெள்ளைக்கார அம்மாவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. புது ஆள் யார் வந்தாலும் அக்கா என்னைக் கூப்பிடுவாள். "நைனா, கொஞ்சம் அந்தாண்ட திரும்பு." நான் திரும்புவேன். "பாத்துக்கினியா? இவரும் உன்ன மாதிரிதான் சிரிச்சினு இருந்தாரு."

ஆறு வருடம் அப்படிப் போனது. ஒரு மச்சம்கூட அவளை ஏமாற்றவில்லை. வெயில் அவளை ஒன்றும் செய்யமுடியவில்லை. ஒரு வைகாசியில் சாதாரணச் சளிக் காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கி, அஞ்சே நாளில் முடிந்துவிட்டது. தூங்க வைத்த வாட்ச்மேன் அந்தத் திருடனுக்கும் எழுந்திருக்கவில்லை.

கிளினிக்காரர்கள் ஒன்பது பேர் போனோம். ஒன்பது பேர் கையிலும் குடை. "சாவு ஊட்டுக்கு மாலையோட வருவாங்க, இவங்க இன்னா கொடையோட வந்துக்கீறாங்க" என்று தெருவில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. மாலையும் இருந்தது, குடைக்குக் கீழே இருந்ததால் தெரியவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் அக்கா படுத்திருந்தாள். முகத்தில் க்ரீம் இல்லை. எனக்கு அடையாளமே தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை. மூன்று மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று அவள் பெரியப்பா நிற்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றரைக்குத் தூக்கினால் சரியாக இருக்குமாம். சுடுகாடு ஒன்றரை மைல், வழியில் ஒரு மரம் கிடையாது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். துண்டைத் தலையில் போட்டிருந்த அந்த விவசாயிப் பெரியவர் என் பக்கம் குனிந்து, "போவலன்னா சனம் இன்னா சொல்லும்? போனா இந்தம்மா இன்னா சொல்லும்?" என்றார்.

அவள் புருஷன் காலையிலிருந்து பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். உச்சி வெயில் சாயச் சாயப் பந்தலின் நிழல் விலகி, வெயில் பெட்டியின் ஓரத்தில் ஏறி, கண்ணாடி வழியாக அக்காவின் காலைத் தொட்டது. அவர் எழுந்து வீட்டுக்குள் போனார். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த பெரிய கறுப்புக் குடையை எடுத்துவந்து விரித்து, கால்மாட்டில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மணி ஒண்ணரை ஆவுது, தூக்கலாம்பா" என்றார் பெரியப்பா.

"நாலு மணி ஆவட்டும்."

"இன்னாடா சொல்ற? ராகு காலத்துலயா எடுப்பாங்க?"

"ராகுவும் வரட்டும், கேதுவும் வரட்டும். பத்துலர்ந்து நாலு வரிக்கும் அவ வெளிய வரமாட்டா."